முப்பத்தொண்டு முடிஞ்சாப் பிறகு: செத்தவீட்டுக்காரர் என்னட்டக் கேக்கிற கேள்வியள்

நான் டொக்டர் இல்லை, கவுன்சிலிங் படிச்ச ஆளும் இல்லை. கல்வெட்டு அடிக்கிறவன். வேற ஊர்க்காரருக்குக் கல்வெட்டெண்டா கோயில் சுவரில வெட்டினதுதான் ஞாபகம் வரும், எங்கட யாழ்ப்பாணத்தில அது, ஆள் செத்து 31ம் நாள் செய்யிற அந்தியேட்டிக்கு வாறவைக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம், செத்தவற்ற படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளையள் மருமக்கள் பேரப்பிள்ளையளின்ர புலம்பல் எல்லாம் அதுக்குள்ள இருக்கும். கொக்குவில் பக்கம் சின்னக் கடை, பதினாறு வருசமா இதுதான் தொழில். எழுத்துப்பிழை பாக்க எண்டு வாற சனம் பிழை பாத்து முடிச்சும் எழும்பிப் போகாது, இருந்து கதைக்கும். சில பேர் ஆறு மாசம் கழிச்சும் "இன்னும் ரெண்டு கொப்பி கிடக்கோ தம்பி" எண்டு வருவினம், கொப்பிக்கு வரேல்லை எண்டு எனக்கும் தெரியும் அவைக்கும் தெரியும். இரண்டு வருசத்துக்கு முதல் என்ர அம்மாவும் செத்துப்போனா. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியளையும் நான் படிச்சு, பட்டு அறிஞ்ச பதிலுகளையும் இதில போடுறன்.

முப்பத்தொண்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்தனான், எல்லாரும் போனாப் பிறகுதான் அழுகை அழுகையா வருது. எனக்கு ஏதும் பிசகோ?

ஒரு பிசகும் இல்லை. எங்கட செத்தவீட்டு முறை அப்பிடி. ஆள் போன நிமிசத்தில இருந்து உங்களைத் தனிய இருக்க விடாது. ஆரோ பந்தல் போடுவினம், ஆரோ ஐயருக்குச் சொல்லுவினம், அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தேத்தண்ணி வந்துகொண்டே இருக்கும். திருவாசகத்தில வாற திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கோணும், வாய்க்கரிசி போடோணும், பேந்து சாம்பல் அள்ளுற காடாத்து, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவு, 31ல கடற்கரையில இருக்கிற கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி, அதுக்குப் பிறகு வீட்டில கிருத்தியம், ஒவ்வொண்டுக்கும் ஒரு லிஸ்ட், அந்த லிஸ்டைப் பிடிச்சுக்கொண்டு ஓடுற ஆளுக்கு அழ எங்க நேரம்? நான் பாத்த அளவில இது முட்டாள்தனமான சடங்கு இல்லை, ஆளை விழவிடாமப் பிடிச்சு வச்சிருக்கிற கை.

ஆனா அந்தக் கை 31ல டக்கெண்டு விட்டிடும். 32ம் நாள் காலமை எங்கட வீடு எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. வாடகைக் கதிரை ஏத்தியாச்சு, பந்தல்கால் நட்ட குழி நாலு முத்தத்தில, கொழும்புச் சொந்தம் இரவே வெளிக்கிட்டாச்சு. குசினிக்குள்ள ஆரின்ர எண்டே தெரியாத ஒரு பெரிய சருவச்சட்டி. நானும் அப்பாவும் அந்தச் சட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். அது ஆரின்ர எண்டு அம்மாட்டத்தான் கேட்டிருப்பம். அண்டைக்குத்தான் நான் அழுதனான். அதுக்குப் பிறகு ஒரு வருசத்தில வாற ஆட்டத்திவசம் வரைக்கும் பதினொரு மாசம் ஊர் முறையில உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லை, சனம் உடையிறது அந்தப் பதினொரு மாசத்துக்குள்ளதான்.

செத்தவீட்டில எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரேல்லை. ஊர் கதைக்குது.

ஊர் கதைக்கும், அழுதாலும் கதைக்கும். வீடியோக்காரன் "அக்கா கொஞ்சம் இஞ்சால திரும்புங்கோ" எண்டு சொல்ல அந்தப் பக்கம் திரும்பி அழவேண்டிக் கிடக்கிற காலம் இது, அதைப் பாத்துத் துக்கத்தை அளக்கேலாது. விறைச்சுப்போய் இருக்கிறதும் துக்கம்தான். சிலருக்கு மாசக்கணக்கில பிந்தி வரும், சிலருக்குக் கண்ணீராவே வராது, கோபமா வரும், எந்தநேரமும் முத்தம் கூட்டுறதா வரும். எங்கட பக்கம் பொம்பிளையள் படலையோட நிண்டிடோணும், சுடலைக்குப் போறேல்லை. கடைசி வரைக்கும் கூடப் போகேல்லை எண்டு பிறகு மனசுக்குள்ள வச்சு உருகிற மகள்மாரை நான் கனபேரைக் கண்டிருக்கிறன். இப்ப சில குடும்பத்தில பொம்பிளைப்பிள்ளையளும் போகினம், கொள்ளியும் வைக்கினம். ஆசைப்பட்டா முதல்லயே வாய்விட்டுச் சொல்லுங்கோ, மாமாமார் முகம் சுளிச்சாலும் பறவாயில்லை.

துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்காம், யூடியூப்பில பாத்தன். எனக்கு அந்த ஓடரில வரேல்லையே?

ஆருக்கும் அந்த ஓடரில வாறேல்லை. 1969ல எலிசபெத் கூப்ளர்-ரோஸ் எண்ட மனநல டொக்டர் எழுதினது அது. அவ அதைச் சாகப்போற நோயாளியளோட கதைச்சுத்தான் எழுதினவ, மிஞ்சி இருக்கிறவையைப் பாத்து இல்லை. பிறகு சனம் அதைத் தூக்கி எல்லாத் துக்கத்துக்கும் படிக்கட்டு மாதிரிப் போட்டிட்டுது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கொள்ளுறது எண்டு ஒண்டொண்டா ஏறி முடிக்க இது ஓ.எல். சோதினை இல்லை.

எனக்கு மனசுக்குச் சரியாப்பட்டது 1999ல நெதர்லாந்தில மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்குட்டும் சொன்னது. துக்கப்படுற ஆள் ரெண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும், ஒருக்கா இழப்புக்குள்ள போய் அழும், ஒருக்கா வெளியில வந்து கறண்ட் பில் கட்டும், பிறகு திரும்ப உள்ள போகும். இந்த ஆட்டம்தான் சுகமாகிற விதம் எண்டினம். அப்பாவைப் பாத்தா அச்சொட்டா அதுதான். காலமை அம்மான்ர படத்துக்குப் பூ வைக்கேக்க குரல் உடையும், பத்து நிமிசத்தில தேங்காய் என்ன விலை விக்குதெண்டு சண்டை பிடிப்பார்.

எவ்வளவு காலம் இப்பிடி இருக்கும்? எப்ப டொக்டரிட்டப் போகோணும்?

காலக்கணக்கு ஒருத்தராலயும் சொல்லேலாது. ஆனா ஒரு எல்லை இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய்ப் பட்டியலில, 2022ல நடைமுறைக்கு வந்த பதிப்பில, நீடிச்ச துக்கம் எண்டு ஒண்டைத் தனியாச் சேத்திருக்கினம். ஆறு மாசத்துக்கு மேலயும், அந்த ஊர் அந்தச் சமயத்துக்கு வழமையா இருக்கிறதை விட மிஞ்சி, ஒவ்வொரு நாளும் அந்த ஏக்கம் அப்பிடியே இறுக்கமா இருந்து வேலை, சாப்பாடு, பிள்ளையளைப் பாக்கிறது எல்லாம் குழம்பினாத்தான் அது. அமெரிக்க மனநல டொக்டர்மாரின்ர கணக்கில பெரியாக்களுக்கு 12 மாசம். ஆறு மாசத்தில அழுகை வந்தா நோய் எண்டு அர்த்தம் இல்லை, கவனியுங்கோ.

மாசம் எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாத விசயமும் இருக்கு. தானும் போயிடோணும் எண்டு கதைக்கிறது, நாள்கணக்கில சாப்பிடாதது, எழும்பவே ஏலாதது, குடி கூடிக்கொண்டு போறது, இதில எதைக் கண்டாலும் அண்டைக்கே போங்கோ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. நடுச்சாமத்தில கதைக்க ஆள் வேணுமெண்டா 1926க்கு அடிக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர். "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறதோ" எண்டு வெக்கப்படுற ஆக்கள் இன்னும் இருக்கினம். காய்ச்சலுக்குப் போறதுதானே.

நித்திரை வருகுதில்லை, நெஞ்சு இறுக்குது. கவலையாத்தான் இருக்குமோ?

கவலையா இருக்கலாம், ஆனா அதை நீங்களும் நானும் தீர்மானிக்கேலாது. கடும் துக்கத்தில இதயத் தசை தற்காலிகமாச் சோர்ந்துபோற ஒரு நிலை உண்டு, தாகொட்சுபோ எண்டு பேர். 1990ல யப்பானில முதல் விவரிச்சவை, அந்த நேரம் இதயம் அங்க கணவாய் மாதிரியான எண்கால் பிராணி பிடிக்கிற பானையின்ர வடிவத்தில இருக்குமாம், அதுதான் அந்தப் பேர். கூடுதலா வாறது வயசு போன பொம்பிளையளுக்கு. புருசன் செத்த வீட்டில அன்ரி நெஞ்சைப் பிடிச்சா "கவலைதான், தண்ணி குடுங்கோ" எண்டு விடாதேங்கோ, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசு இல்லை.

நித்திரைக் குளிசை: ஆரோ ஒரு மாமி தன்ர பையில இருந்து பாதி உடைச்சுக் குடுப்பா, வாங்காதேங்கோ. சாவுத் துக்கத்துக்கு எண்டு மட்டும் அந்த வகைக் குளிசை குடுக்கவேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே 2013ல சொல்லியிருக்கு. ஆம்பிளையள் செத்தவீட்டு மதிலுக்குப் பின்னால போத்தில் திறக்கிறதும் அந்தக் கணக்குத்தான். நித்திரை வராது, வந்த மாதிரி இருக்கும்.

உடுப்பு, கண்ணாடி, போன் எல்லாம் என்ன செய்யிறது? கெதியா எடுத்துக் குடுக்கச் சொல்லினம்.

சொல்லுறவை தங்கட வீட்டு அலுமாரியைப் பாக்கட்டும். அவசரம் ஒண்டும் இல்லை. நான் கண்ட ஒரு அண்ணை, மனிசி போய் ஒரு கிழமையில எல்லாச் சீலையையும் கட்டி ஆருக்கோ குடுத்திட்டார், தைரியமா இருக்கிறார் எண்டு எல்லாரும் புகழ்ந்தவை. நாலு மாசம் கழிச்சுக் கடைக்கு வந்து, கல்வெட்டில இருக்கிற படத்தில அவ கட்டியிருந்த சீலை என்ன நிறம் எண்டு கேட்டார். கறுப்பு வெள்ளையிலதான் அடிச்சது. என்ர கொம்பியூட்டரில ஒரிஜினல் படம் கிடந்தது, திறந்து காட்டினன், மாம்பழ மஞ்சள். மனுசன் ஸ்கிரீனைத் தொட்டுப் பாத்தார்.

அப்ப என்ன செய்யலாமெண்டா, மூண்டாப் பிரியுங்கோ: குடுக்கக்கூடியது, வச்சிருக்கிறது, இப்ப முடிவெடுக்கேலாதது. மூண்டாவதை ஒரு சூட்கேசுக்குள்ள போட்டு மேல வையுங்கோ, அடுத்த வருசம் பாக்கலாம். போன் விசயத்தில மட்டும் கெதியாச் செய்யுங்கோ, சிம்மைக் கனகாலம் ரீலோட் பண்ணாம விட்டா நம்பர் வேற ஆளுக்குப் போயிடும், பிறகு அம்மான்ர நம்பரில ஆரோ ஒரு பொடியன்ர புரொபைல் படம் வரும், அது ஒரு கொடுமை. வாட்சப் வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் வேற இடத்திலயும் கொப்பி பண்ணி வையுங்கோ. என்னட்ட அம்மான்ர வொய்ஸ் பதினொண்டு இருக்கு. ஒன்பது "வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வா". ஒரு வருசம் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்.

கனடாவில இருக்கிறன், விசாப் பேப்பர் இல்லை, செத்தவீட்டுக்கு வரேலாமல் போச்சு. லைவ்விலதான் பாத்தனான்.

இது எங்கட தலைமுறையின்ர துக்கம். விடியப்புறம் ஒரு அறைக்குள்ள தனிய இருந்து, போனில தாயின்ர முகத்தைப் பாத்து, பெட்டி மூடுற நேரம் பார்த்து நெட் இழுபட்டு நிண்டிடும். அடுத்த நாள் வேலைக்குப் போகோணும், அங்க வேலையில ஒருத்தருக்கும் எட்டுச்செலவு எண்டா என்னெண்டு தெரியாது.

உங்களுக்குக் கொஞ்சம் கூட நாள் எடுக்கும், ஏனெண்டா அந்த 31 நாள் கை உங்களைப் பிடிக்கேல்லை. அப்ப நீங்களே உண்டாக்கவேணும். எட்டு அண்டைக்கு அங்கயே அவவுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படையுங்கோ, சிநேகிதரைக் கூப்பிடுங்கோ, ரெண்டு பேர் வந்தாலும் காணும். கல்வெட்டுக்கு உங்கட பகுதியை நீங்களே எழுதுங்கோ. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பி "நல்ல கவிதையா ஒண்டு போட்டுவிடுங்கோ" எண்டு கேக்கிறவை கனபேர், என்னட்ட ரெடிமேட் கவிதை நாப்பது கிடக்கு, "ஆலமரமாய் நிழல் தந்தாய்" வகை. போட்டுத்தாறன், என்ர பிழைப்பு. ஆனா ஒரு தங்கச்சி பிரான்சில இருந்து நாலு வரி தானே அனுப்பினவ, "அப்பா நீங்கள் சைக்கிள் பாரில துவாய் சுத்தி என்னை இருத்துவீங்கள், எனக்கு நோகாம" எண்டு. அந்தப் பக்கத்தைத்தான் சனம் நிண்டு வாசிச்சது.

ஊருக்கு வரக் கிடைக்கிற நாளில, எத்தினை வருசம் கழிச்செண்டாலும் சரி, கீரிமலைக்குப் போய்ச் செய்யலாம். சண்டைக் காலத்தில கீரிமலை பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடக்க, போகேலாமல் வேற கடலில கரைச்ச குடும்பங்கள் பாதை திறந்தாப் பிறகு போய்த் திரும்பவும் தர்ப்பணம் செய்தவை. பிந்திப்போச்செண்டு ஒரு ஐயரும் திருப்பி அனுப்பமாட்டார்.

சின்னப்பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது?

"செத்துப்போனார்" எண்டே சொல்லுங்கோ. "நித்திரை கொள்ளுறார்" எண்டா பிள்ளை நித்திரைக்குப் பயப்பிடும், "சாமி கூட்டிக்கொண்டு போட்டார்" எண்டா கோயிலுக்குப் பயப்பிடும், "வெளிநாடு போட்டார்" எண்டா வீடியோ கோல் எடுக்கச் சொல்லி அழும், இது மூண்டும் நான் கண்டது. உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது, இனி நோகாது, திரும்பி வரமாட்டார், உன்னால நடந்தது இல்லை. அவ்வளவும் போதும். ஒரே கேள்வியைப் பத்துத்தரம் கேக்கும், பத்துத்தரமும் அதே பதில்.

பழைய ஆக்கள் பேரப்பிள்ளையிட்ட நெய்ப்பந்தத்தைக் குடுத்துச் சுத்தி நிப்பாட்டினவை. பிள்ளைக்கும் ஒரு வேலை, ஒரு இடம். இப்ப "பிள்ளை பயந்திடும்" எண்டு பக்கத்து வீட்டில காட்டூன் போட்டு இருத்திறம். பிள்ளைக்கு விருப்பமெண்டா கூட நிக்க விடுங்கோ, விருப்பமில்லாட்டி இழுக்காதேங்கோ.

காணாமப்போனவருக்கு என்ன செய்யிறது? உடம்பும் இல்லை, திகதியும் இல்லை.

இதுக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இருக்கோ தெரியாது. கேட்ட அம்மா மகன்ர படத்தைப் பெருப்பிக்க வந்தவ, ஊர்வலத்தில பிடிக்க. படத்துக்குக் கீழ பேரைப் போடேக்க, பழக்கதோசத்தில என்ர கை "அமரர்" எண்டு அடிக்கப் பாத்தது. அவ கண்டிட்டா. ஒண்டும் சொல்லேல்லை, கையை மட்டும் மேசையில வச்சா.

போலின் பொஸ் எண்ட அமெரிக்க அறிஞர் இதுக்குத் தெளிவில்லாத இழப்பு எண்டு பேர் வச்சவ. செத்ததெண்டு அழவும் ஏலாது, இருக்கெண்டு நிம்மதியா இருக்கவும் ஏலாது, இதில முடிவு எண்டு ஒண்டைத் தேடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது எண்டுறா. ரெண்டையும் ஒண்டாத் தாங்கிக்கொண்டு வாழ உதவிசெய்யிறதுதான் வழியாம். அதால, "இனி வரமாட்டான், திவசத்தைச் செய்யுங்கோ" எண்டு சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. காணி, பாங்க் அலுவலுகளுக்கு, செத்தவர் எண்டு சொல்லாம ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் பதியிற ஒரு பத்திரம் 2016ல சட்டமாச்சுது, வேணுமெண்டவை எடுக்கலாம். கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20ல இருந்து, காணாமப்போன பிள்ளையளைக் கேட்டு ரோட்டில இருக்கிற அம்மாமார் கேக்கிறது பத்திரம் இல்லை, பதில். அங்க ஒருத்தரோட ஒருத்தர் இருந்து கதைக்கிறதே சில பேரை உயிரோட வச்சிருக்கு எண்டதையும் சொல்லவேணும்.

தானா உயிரை மாய்ச்சவற்ற வீடு. என்ன கதைக்கிறது?

"ஏன்", "எப்பிடி" ரெண்டையும் கேக்காதேங்கோ. செத்தவற்ற பேரைச் சொல்லி, அவற்ற நல்ல கதை ஒண்டு சொல்லுங்கோ. அந்த வீட்டுக்காரர் ராவு பகலா "நான் கவனிச்சிருந்தா" எண்டு தங்களைத் தாங்களே விசாரிச்சுக்கொண்டிருப்பினம், ஊரும் விசாரிக்கத் தேவையில்லை. ஒரேயொரு காரணத்தில மட்டும் ஒருத்தரும் சாகிறேல்லை.

அப்பா போனாப் பிறகு அம்மாவை ஒரு நல்லநாளுக்கும் முன்னுக்கு விடினமில்லை.

இதில மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. சாவுத் தீட்டு, எங்கட சொல்லில துடக்கு, 31ல கழியும், இந்தத் துடக்கு மட்டும் சாகும்வரைக்குமோ? உங்கட கலியாணத்தில அம்மாவை முன்வரிசையில இருத்துங்கோ. ஆரும் ஏதும் சொன்னா, சொன்ன ஆளைப் பின்னுக்கு அனுப்புங்கோ.

செத்தவீட்டுக்காரருக்கு நான் என்ன உதவி செய்யலாம்?

32ம் நாள் போங்கோ. "ஏதும் தேவையெண்டா சொல்லுங்கோ" வேண்டாம், சொல்லமாட்டினம். மீன் வாங்கப் போறன், உங்களுக்கும் அரைக் கிலோ வாங்கட்டோ, ஏ.ஜி. ஒப்பீஸ் எண்டுற பிரதேச செயலகத்துக்கு நானும் வாறன், பிள்ளையை ரியூசனுக்கு நான் ஏத்திறன், இப்பிடிக் கேளுங்கோ. மரணச் சான்றிதழ், பென்சன், பாங்க் புத்தகம், அந்த அலைச்சலில துணைக்கு ஒரு ஆள் வாறது பெரிய விசயம். மற்றது, செத்தவற்ற பேரை எடுத்தா அழுவினம் எண்டு பயந்து பேரையே எடுக்காம விடாதேங்கோ. அவை ஏங்கிறதே ஆரும் அந்தப் பேரைச் சொல்லமாட்டினமோ எண்டுதான்.

ஒரு வருசம் கழிச்சும் சித்திரா பௌர்ணமிக்கு உடைஞ்சிட்டன். திரும்ப முதல்ல இருந்தோ?

இல்லை, அந்த நாள் அதுக்குத்தான் இருக்கு. தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, தேப்பனுக்கு ஆடி அமாவாசை, வேதக்காரர் எண்டுற கத்தோலிக்கருக்கு நவம்பர் 2. வருசத்தில ஒரு நாள் ஊரே விரதம் இருந்து, காத்தோட்டங்காய்க் கறியும் வச்சு, நீங்கள் அழுதா ஒருத்தரும் ஏனெண்டு கேக்காத நாள். செத்தவையோட உறவை அறுத்தாத்தான் சுகம் எண்டு ஒருகாலம் மேற்குப் பக்கத்தில படிப்பிச்சவை, 1990கள்ள இருந்து அவையே உறவு தொடர்ந்து இருக்கிறது நல்லதெண்டு சொல்லத் தொடங்கிட்டினம். கீரிமலைக் கேணியில நிண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகிற எங்கட ஆக்களுக்கு இது புதினமில்லை.

நீங்கள் என்ன செய்தனீங்கள்?

அம்மான்ர கல்வெட்டை என்னால அடிக்கேலாமல் போச்சு. ஆயிரம் பேருக்கு அடிச்ச "அமரர்" அண்டைக்கு விரலுக்கு வரேல்லை, கடைப் பொடியன்தான் அடிச்சவன். கடைசிப் பக்கத்தில கவிதை போட விருப்பமில்லாம, அம்மா பனங்கிழங்கு மாவில வைக்கிற ஒடியல் கூழ் செய்முறையைப் போட்டன், அளவு ஒண்டும் இல்லாம, அவ சொல்லுற மாதிரியே, "கொஞ்சம் பழப்புளி, ஒரு பிடி முருங்கையிலை, நண்டு கிடைச்சாப் போடு". சபை சந்தியில வாசிச்ச பெரியம்மா சிரிச்சா, செத்தவீட்டுக் கல்வெட்டில நண்டோ எண்டு.

போன மாரியில நானே அதைப் பாத்து வச்சன். ஒடியல் மாவை ஊறவிட்டு வடிக்கிறதை எழுத மறந்திருக்கிறன், அம்மா அதைச் சொல்லவே இல்லை, அது ஆருக்கும் தெரியும்தானே எண்டு விட்டிருப்பா. கூழ் கைச்சுப்போச்சு. அப்பா பனையோலைப் பிழாவில வாங்கி ஒரு மிடறு குடிச்சிட்டு, "உவளிட்டக் கேட்டிருக்கலாமே" எண்டார். பேந்து ரெண்டு பேரும் மிச்சத்தையும் குடிச்சம்.